ஒரே ஒரு நாள், ஐந்து அரண்மனைகள்: பீட்டர்ஸ்பர்க் போகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

"அண்ணா, பீட்டர்ஹாஃபா, கேத்தரின் அரண்மனையா? ஒரு நாள்தான் இருக்கு. சட்டுனு ஒண்ணைச் சொல்லுங்க."

சித்தி மகன் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நாலு நாள் தங்குகிறார்கள். மூன்று நாள் ஊருக்குள்ளேயே கரைந்துவிடும், ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் ஒன்றுக்கே ஒரு நாள் போதாது. மிச்சமுள்ள ஒரு நாளில் ஊருக்கு வெளியே ஜார் மன்னர்கள் வாழ்ந்த தோட்ட அரண்மனை ஒன்றைப் பார்த்துவிட்டு வரவேண்டும். கூட வருவது முழங்கால் வலியோடு சித்தியும், ஒன்பது வயது மகளும்.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "எந்த மாசம்?"

"ஜூன், இல்லன்னா அக்டோபர் நடுவுல. டிக்கெட் விலையைப் பார்த்துட்டுத்தான்."

அந்த ஊரில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கேட்கிற எல்லோரும் அரண்மனைகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்பிப்போய்த்தான் கேட்பார்கள். குழப்பத்துக்குக் காரணம், உள்ளே இருப்பது எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். தங்கப்பூச்சு மரவேலை, பல நிற மரத்தை இழைத்த தரை, கூரையில் மேகத்தின்மேல் சாய்ந்திருக்கும் தேவதைகள், மூலையில் வெள்ளையும் நீலமுமான ஓடு பதித்த உயரமான அடுப்பு. முதல் அரண்மனையில் வாயைப் பிளப்போம், இரண்டாவதில் தலையாட்டுவோம், மூன்றாவதில் உட்கார இடம் தேடுவோம். வெளியே வந்தால்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அதனால் நான் சொல்வது எப்போதும் இதுதான்: அரண்மனையை வைத்து முடிவு செய்யாதீர்கள், தோட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். தோட்டம் என்று வந்துவிட்டால் மாதத்தைக் கேட்காமல் எப்படி?

போட்டியில் ஐந்து பெயர்கள். மேற்கே பின்லாந்து வளைகுடாக் கரையில் சுமார் 30 கிலோமீட்டரில் பீட்டர்ஹாஃப். அதே கரையோரமாக இன்னும் 10 கிலோமீட்டர் போனால் ஒரானியன்பௌம். தெற்கே 25 கிலோமீட்டரில் சார்ஸ்கோயே செலோ, கேத்தரின் அரண்மனை இருப்பது இங்கேதான். அதை ஒட்டினாற்போல் பாவ்லோவ்ஸ்க். இன்னும் தெற்கே, 45 கிலோமீட்டரில் காட்சினா. ஐந்தும் 1917 புரட்சிக்குப் பிறகு அரசுடைமை ஆகி அருங்காட்சியகமானவை. ஒரானியன்பௌம் தவிர மற்ற நான்கு இடங்களும் 1941 செப்டம்பரில் ஜெர்மன் படையிடம் விழுந்தன. 1944 ஜனவரியில் மீட்டபோது அவற்றின் பெரிய அரண்மனைகள் கூரை இல்லாத கருகிய சுவர்களாக நின்றன. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் தங்கம் பெரும்பாலும் ஜார் காலத்துத் தங்கம் அல்ல, நம் அப்பாக்கள் காலத்துத் தங்கம். இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அது மதிப்பைக் கூட்டத்தான் செய்தது.

ஜூன் என்றால் பேச்சே இல்லை, பீட்டர்ஹாஃப்.

ஜார் மகா பீட்டர் 1723இல் திறந்துவைத்த இடம். பிரான்ஸின் வெர்சாயைப் பார்த்துவிட்டு வந்தவர், அதைவிட ஒரு படி மேலே போக ஆசைப்பட்டார். வெர்சாயில் செய்ன் நதித் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற மார்லியில் ராட்சதச் சக்கரங்களைச் சுழலவிட்டு அல்லாடிக்கொண்டிருந்தார்கள். பீட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. பீட்டர்ஹாஃபுக்குத் தெற்கே ரோப்ஷா என்ற மேட்டில் ஊற்றுகள் இருந்தன. அங்கிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் வெட்டிக் குளங்களில் தேக்கினார்கள். கடைசிக் குளம் அரண்மனைக்குப் பின்னால் மேல் தோட்டத்தில் இருக்கிறது, நீரூற்றுகள் அரண்மனைக்கு முன்னால் பள்ளத்தில் இருக்கின்றன. ஏரிக்கரையில் மதகு திறந்து பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர், குழாய் குறுகக் குறுக வேகம் பிடித்துப் பீச்சியடிக்கிறது. சுமார் 150 நீரூற்றுகள், ஒரு பம்புகூடக் கிடையாது. மூன்று நூற்றாண்டாக அதே ஏற்பாடு.

நடுநாயகம் சாம்சன். சிங்கத்தின் வாயைப் பிளக்கும் பொன்னிறச் சிலை, பிளந்த வாயிலிருந்து 20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். 1709இல் பொல்தாவாப் போரில் ஸ்வீடனை ரஷ்யா தோற்கடித்தது புனித சாம்சன் திருநாளன்று. ஸ்வீடனின் அரசச் சின்னத்தில் இருப்பது சிங்கம். யார் யாருடைய வாயைப் பிளக்கிறார் என்று அந்தக் காலத்தில் யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1735இல் வைத்தது ஈயச் சிலை, 1802 வாக்கில் அதை வெண்கலமாக மாற்றினார்கள், போரில் அதுவும் காணாமல்போனது. இப்போது நிற்பது 1947இல் செய்தது. கோடையில் காலை 11 மணிக்கு கிளியேர் இசையமைத்த 'மாநகருக்கு வாழ்த்து' ஒலிக்க, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கூட்டம் நெரியும், ஆனாலும் நின்று பார்க்கலாம்.

குழந்தையோடு போகிறவர்களுக்கு சாம்சனைவிடப் பெரிய விஷயம் 'குறும்பு நீரூற்றுகள்'. கடலோரம் பீட்டர் தனக்கென்று கட்டிக்கொண்ட மோன்பிளேசிர் என்னும் சின்ன மாளிகைப் பக்கம், கூழாங்கல் பதித்த தரையும் இரண்டு பெஞ்சுகளும் இருக்கின்றன. ஏதோ ஒரு கல்லை மிதித்தால் தரையிலிருந்து தண்ணீர் பீறிடும் என்பது அங்கே கூடும் பிள்ளைகளின் திடமான நம்பிக்கை. ஒவ்வொரு கல்லாக மிதித்து, தண்ணீர் வந்ததும் அலறிக்கொண்டு ஓடி, திரும்பி வந்து "இந்தக் கல்லுதான்!" என்று சத்தியம் செய்வார்கள். கொஞ்சம் தள்ளி மறைவாக உட்கார்ந்து ஒரு பணியாளர் குழாயைத் திருகிக்கொண்டிருப்பார். பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், பிள்ளைகளிடம் சொல்லாமல் இருப்பது நாகரிகம். மாற்று உடை ஒன்று பையில் இருக்கட்டும்.

சித்தியின் முழங்காலுக்கு ஒரு யோசனை. பீட்டர்ஹாஃபுக்கு மெட்ரோவில் அவ்தோவோ வரை போய் அங்கிருந்து மினிபஸ்ஸில் போகலாம், செலவு குறைவு. ஆனால் பஸ் இறக்கிவிடுவது மேட்டுப் பக்கம், அங்கிருந்து கீழ்ப் பூங்காவுக்கு இறங்க வேண்டும், பிறகு ஏற வேண்டும். ஹெர்மிடாஜுக்கு முன்னாலிருந்து கிளம்பும் மெடியோர் விரைவுப் படகில் ஏறினால், தண்ணீருக்கு மேலே எழும்பிச் சீறிக்கொண்டு முக்கால் மணி நேரத்துக்குள் கீழ்ப் பூங்காவின் படகுத்துறையிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து சாம்சன் வரை கால்வாய் ஓரமாகச் சமதளம்தான். டிக்கெட் விலை உறைக்கும். ஆனால் இந்த இடத்தைக் கடலிலிருந்து வருகிறவர் பார்க்கட்டும் என்றுதான் கட்டினார்கள், பின்வாசல் வழியாகப் போவதில் பாதி அழகு போய்விடும்.

உள்ளே பெரிய அரண்மனைக்கு டிக்கெட் வாங்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். வெளிச்சம் நள்ளிரவு வரை நீடிக்கும் ஜூன் மாதத்தில், வெயிலும் கடல் காற்றும் வெளியே இருக்கும்போது, வரிசையில் நின்று உள்ளே போய்த் திரைச்சீலை பார்ப்பானேன்? வேண்டுமானால் மோன்பிளேசிரை மட்டும் பாருங்கள். ஒரு பேரரசர் இவ்வளவு சின்ன அறைகளிலா இருந்தார் என்று தோன்றும்.

அக்டோபர் நடுவில் இதெல்லாம் முடிந்துவிடும். தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், படகும் ஓடாது, குளிருக்குப் பயந்து பளிங்குச் சிலைகளை மரப்பெட்டிக்குள் வைத்து மூடத் தொடங்குவார்கள். தண்ணீர் இல்லாத பீட்டர்ஹாஃப், தேர் கிளம்பிப்போன பிறகு தேர்முட்டியைப் பார்ப்பது மாதிரி.

அக்டோபரில் ஒரானியன்பௌமும் ஏறக்குறைய கழன்றுவிடும். சொல்லப்போனால் ஐந்தில் உண்மையிலேயே பழசு இதுதான். பீட்டரின் நண்பர் மென்ஷிகோவ் தொடங்கிய இடம். போரில் இந்தக் கரையோரத் துண்டு மட்டும் சோவியத் படையின் கையிலேயே இருந்தது, ஜெர்மானியர் உள்ளே வரவே இல்லை. அதனால் இரண்டாம் கேத்தரினுக்காக ரினால்டி 1760களில் கட்டிய சீன அரண்மனையின் உள்வேலை பெருமளவு அசல். அதிலும் கண்ணாடி மணி அறை என்று ஒன்று இருக்கிறது. சுவர் முழுக்க மெல்லிய கண்ணாடிக் குழல்மணிகளைத் தைத்து, அதன்மேல் பட்டு நூலில் பறவைகள். சன்னல் பக்கம் நகர்ந்தால் சுவர் பால்போல ஒளிர்கிறது. அசல் என்பதாலேயே அது நோயாளி மாதிரி. உள்ளே கணப்பு கிடையாது, ஈரம் ஆகாது, குளிர்காலம் முழுக்கப் பூட்டு, கோடையிலும் மழை பெய்தால் பூட்டு. இரண்டாவது தடவை பீட்டர்ஸ்பர்க் போகிறவர்களுக்கு, காய்ந்த ஜூலை நாளொன்றில், கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். முதல் தடவை, அதுவும் ஒரே நாள் என்றால் இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

காட்சினாவையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. 1762 ஜூன் கடைசியில் ஒரு விடியற்காலை, பீட்டர்ஹாஃபின் மோன்பிளேசிர் பக்கம் தங்கியிருந்த கேத்தரினை எழுப்பித் தலைநகருக்கு அழைத்துப் போய் மகாராணி ஆக்கினார்கள் ஒர்லோவ் சகோதரர்களும் அவர்களுடைய ஆட்களும். மறுநாளே, அதுவரை ஜாராக இருந்த கணவர் மூன்றாம் பீட்டர் ஒரானியன்பௌமில் முடிதுறக்கக் கையெழுத்துப் போட்டார். அடுத்த சில நாளில் ரோப்ஷாவில் காவலில் இறந்துபோனார். சாம்சனுக்குத் தண்ணீர் வருகிற அதே ரோப்ஷா. நன்றிக்கடனாகக் கிரிகோரி ஒர்லோவுக்குக் கேத்தரின் கொடுத்தது காட்சினா. 1783இல் ஒர்லோவ் இறந்ததும் அதைத் திரும்ப வாங்கி யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? இறந்துபோன மூன்றாம் பீட்டரின் மகனாக வளர்ந்த பாவெலுக்கு! தகப்பனைக் கவிழ்த்தவரின் வீட்டில் மகன். அவர் அதைக் கோட்டைபோல் மாற்றி, முற்றத்தில் சிப்பாய்களை அணிவகுக்க வைத்துக் காலம் தள்ளினார். சாம்பல் நிறக் கல், இரண்டு கோபுரங்கள், நிலவறையிலிருந்து ஏரிக்கரைக்குப் போகும் சுரங்கப்பாதை, அதன் வாயில் நின்று குரல் கொடுத்தால் திரும்பி வரும் எதிரொலி. 1881இல் தந்தை குண்டுவீச்சில் கொல்லப்பட்ட பிறகு மூன்றாம் அலெக்சாண்டர் பாதுகாப்புக்காக ஒதுங்கியதும் இங்கேதான். சீரமைப்பு இன்னும் முடியவில்லை, ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் செங்கல். வரலாற்றுப் பித்து பிடித்தவர்களுக்கு இதுவே முதல் இடம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சுரங்கம் மட்டும் பிடிக்கும்.

ஆக அக்டோபரில் மிஞ்சுவது ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து இருக்கும் சார்ஸ்கோயே செலோவும் பாவ்லோவ்ஸ்க்கும்.

சார்ஸ்கோயே செலோவுக்கு எல்லோரும் போவது ஒரு அறைக்காக. கேத்தரின் அரண்மனையை ராஸ்ட்ரெல்லி இப்போதுள்ள உருவத்துக்குக் கொண்டுவந்தது 1750களில், எலிசபெத் மகாராணிக்காக. நீலமும் வெள்ளையுமாக 300 மீட்டர் நீளத்துக்கு முகப்பு. உள்ளே 800 சதுர மீட்டருக்கு மேல் பரந்த ஒரு கூடம், இரண்டு பக்கமும் சன்னல், இடையில் கண்ணாடி, எங்கே சுவர் முடிகிறது என்று தெரியாது. அதையெல்லாம் தாண்டிப் போனால் ஆம்பர் அறை. சில கோடி ஆண்டுக்கு முந்தைய மரப்பிசின் கல்லாய் இறுகியதுதான் ஆம்பர். தேன், பனங்கற்கண்டு, கருப்பட்டிப் பாகு என்று எல்லா நிறத்திலும் துண்டு துண்டாக அறுத்துச் சுவர் முழுக்கப் பதித்திருக்கிறார்கள். 1716இல் பிரஷ்ய அரசர் பீட்டருக்குக் கொடுத்த பரிசு, 1755இல் இந்த அரண்மனைக்கு வந்தது. 1941இல் ஜெர்மானியர் பிரித்து எடுத்துக்கொண்டு போய்க் கோனிக்ஸ்பெர்க் கோட்டையில் வைத்தார்கள், போர் முடிவில் தடயமே இல்லை. 1979இல் பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு மறுபடி செய்யத் தொடங்கி 2003இல், பீட்டர்ஸ்பர்க்கின் 300ஆவது ஆண்டில், திறந்தார்கள். இடையில் ஒரு வேடிக்கை. 1997இல் அசல் அறையின் கல் சித்திரம் ஒன்று ஜெர்மனியில் அகப்பட்டு, 2000இல் திரும்பி வந்தது. காணாமல்போனதற்கு நகல் செய்துகொண்டிருந்தவர்கள் முன்னால் அசலே வந்து நின்ற நாளை நினைத்துப் பாருங்கள்.

குறை என்னவென்றால், நேரம் உங்கள் கையில் இல்லை. நுழைவுச்சீட்டு நேரக் கணக்கில், கூட்டம் பின்னாலிருந்து தள்ளும், ஆம்பர் அறையில் நிற்கக் கிடைப்பது சில நிமிடம். கோடையில் இது இன்னும் மோசம், அதனாலேயே ஜூனில் இங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வராது. அக்டோபரில் கூட்டம் பாதியாகும். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, நிதானமாகவே சுற்றலாம். போருக்குப் பிறகு இந்த அறைகள் இருந்த கோலத்தைக் காட்டும் புகைப்படங்களும் உள்ளே உண்டு. என்னைக் கேட்டால் அங்கே பார்க்க வேண்டியதே அதுதான்: கூரை இல்லாத கூடத்தில் பனி குவிந்து கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படம், தலையைத் தூக்கினால் அதே கூடம் பளபளவென்று.

பக்கத்திலேயே அலெக்சாண்டர் அரண்மனை. கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் குடும்பத்தோடு வாழ்ந்து, 1917 மார்ச்சில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டு, ஆகஸ்டில் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டது இங்கிருந்துதான். நீண்ட சீரமைப்புக்குப் பின் 2021இல் மறுபடி திறந்தார்கள். பகட்டு குறைவு, மனிதர் வாழ்ந்த வாசனை அதிகம். கவிஞர் புஷ்கின் படித்த பள்ளியும் இதே ஊரில்தான் இருக்கிறது, ஊருக்கு அவர் பெயரை வைத்தது 1937இல். ரஷ்ய இலக்கியம் படித்தவர்கள் மட்டும் எட்டிப்பார்த்தால் போதும்.

இனி பாவ்லோவ்ஸ்க். இதைப் பற்றி எழுதும்போது எனக்கு நடுநிலை கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ரஷ்யாவின் முதல் பொதுப் பயணிகள் ரயில் 1837இல் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து சார்ஸ்கோயே செலோவுக்கு ஓடியது, மறு வருடம் பாவ்லோவ்ஸ்க் வரை நீண்டது. ரயிலில் ஏற ஜனங்கள் தயங்கியதால் கடைசி நிலையத்தில் இசையரங்கு ஒன்றைக் கட்டி, லண்டனின் வாக்ஸ்ஹால் பூங்காவை நினைத்து 'வக்ஸால்' என்றார்கள். இன்று ரஷ்ய மொழியில் பெரிய ரயில் நிலையம் எதற்கும் அதே பெயர்தான். வால்ட்ஸ் மன்னர் இளைய யோஹான் ஸ்ட்ராஸ் 1856 முதல் பல கோடைகள் அங்கே வாசித்தார். இப்போது அந்தக் கட்டடம் இல்லை, ஆனால் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் நேரே பூங்கா வாசல்தான்.

பூங்கா சுமார் 600 ஹெக்டேர், நம் கணக்கில் 1,500 ஏக்கர். 1777இல் பேரன் பிறந்த சந்தோஷத்தில் மகன் பாவெலுக்கும் மருமகள் மரியாவுக்கும் கேத்தரின் கொடுத்த காடு. அரண்மனையைக் கட்டியவர் சார்லஸ் கேமரன். பூங்காவின் பெரும்பகுதியைப் பிறகு வடிவமைத்தவர் கொன்சாகா, இத்தாலிய நாடக மேடைக் கலைஞர். செடி நடவில்லை அவர், இருந்த மரங்களில் சிலவற்றை வெட்டிச் சிலவற்றை விட்டுக் காட்சி அமைத்தார். எது முன்னால், எது பின்னால், எந்த வளைவில் திரை விலக வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. ஸ்லாவ்யான்கா என்ற சின்ன ஆற்றங்கரையில் ஒரு திருப்பத்தில் கறுத்த ஊசியிலை மரங்கள் முடிந்து சட்டென்று வெள்ளை பிர்ச் தண்டுகள் தோன்றும்போது, இது தானாக அமைந்தது என்றே நினைப்போம். போரில் இங்கே 70,000 மரங்களுக்கு மேல் போயின. இன்று நிற்பதில் பல பிறகு நட்டவை. அருங்காட்சியகத்தை நடத்திய அன்னா செலெனோவா ஜெர்மன் படை வருவதற்கு முன்பே சிலைகளைப் பூங்காவில் ஆழமாகப் புதைத்துவைத்தார், ஊரை மீட்ட பின் தோண்டி எடுத்தார். அரண்மனையின் முதல் அறைகள் 1957இலேயே திறந்தன. எரிந்த அரண்மனைகளில் முதலில் முழுமையாக எழுந்து நின்றது இதுதான்.

அக்டோபரில் இலை பாதி கொட்டியிருக்கும், பாதை தெரியாமல் மஞ்சளாய்க் கிடக்கும். ஊர்க்காரர்கள் கையை நீட்டி நின்றால் அணில் காலணிமேல் ஏறி, முழங்கால் வழியாக வந்து கொட்டையை எடுத்துக்கொண்டு போகும். நம் ஊர் மூன்று கோட்டு அணில் இல்லை, செம்பழுப்பு, காதில் குஞ்சம். இடுப்பில் அது கால் வைக்கும்போது கனமே தெரியாது, நகம் மட்டும் தெரியும்.

இரண்டு அரண்மனைகளை ஒரே நாளில் அடைக்கும் திட்டம் எல்லாச் சுற்றுலாக்காரர்களிடமும் இருக்கும். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு அரண்மனையும் ஒரு பூங்காவும் என்றால் சரி. காலையில் வித்தெப்ஸ்க் நிலையத்தில் எலெக்ட்ரிச்கா என்னும் புறநகர் ரயில் பிடித்துச் சார்ஸ்கோயே செலோ, மத்தியானம் அதே ரயிலில் அடுத்த நிறுத்தம் பாவ்லோவ்ஸ்க். அக்டோபர் நடுவில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. கேத்தரின் அரண்மனைக்கு வழக்கமாகச் செவ்வாய் விடுமுறை, பீட்டர்ஹாஃப் பெரிய அரண்மனைக்குத் திங்கள். இதுபோக மாதத்தில் ஒரு நாள் துப்புரவு என்று மூடுவார்கள். கிளம்பும் முன் அவரவர் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை, டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கொண்டுபோய் மாற்றினால்தான் கையில் காசு.

இவ்வளவையும் குரல் செய்தியாக அனுப்பிவிட்டு, ஜூன் டிக்கெட்டையே எடு, படகில் போய்ச் சாம்சனைப் பார் என்று முடித்தேன். மறுநாள் பதில் வந்தது, சித்தியின் குரலில்.

"ஏண்டா, தண்ணி பீச்சுறதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போறது? அந்த மஞ்சக் கல்லு ரூமைத்தான் எனக்குப் பார்க்கணும். அக்டோபருக்கே போட்டாச்சு, டிக்கெட்டும் கம்மி. ரூமைப் பார்த்துட்டு நான் பெஞ்சுல உக்காந்துக்கிறேன், இவ அணிலோட விளையாடட்டும்."

பின்னாலிருந்து தம்பி குரல்: "அண்ணா, வேர்க்கடலை வறுத்துக் கொண்டுபோகலாமா?"

வறுக்காதே, உப்பும் போடாதே, அங்கேயே ஹேசல்நட் வாங்கிக்கொள் என்று எழுதி அனுப்பினேன்.